மறுத்தார் என்பதும் சொன்னார் என்பதும்

பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணத்திலேயே எனக்குப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. ஒருவர் பேசியதை இன்னொருவர் எடுத்துச் சொல்வது எப்படி என்கிற பாடம். 'நான் எடுக்கவில்லை' என்று ஒருவன் பேசியிருந்தால், தான் எடுக்கவில்லை என்று அவன் சொன்னான் என்று 'செட்' போட்டு எழுதலாம். எடுத்ததை அவன் மறுத்தான் என்று 'டினைட்' போட்டும் எழுதலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான். இரண்டாவதில் வேலை குறைவு என்பதால் பரீட்சையில் நான் அதையே எழுதிவிட்டு வருவேன்.

பி.ஏ. ஆங்கிலம் முடித்து, டைப்ரைட்டிங் ஹையரும் பாஸ் செய்தபிறகு அரியலூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழ்க்கோர்ட்டில் தமிழில் பதிவான சாட்சியங்களை ஹைகோர்ட்டுக்கு அனுப்பும்போது இங்கிலீஷில் பெயர்த்து அடிக்க வேண்டும். அதுதான் என் வேலை. ஒவ்வொரு கேஸ் கட்டின் தலைப்பிலும் மாவட்டத்தின் பெயர் வரும். நான் சேர்ந்தபோது நாங்கள் பெரம்பலூர் மாவட்டம். பிறகு அரியலூர் தனி மாவட்டம் என்றார்கள், மாற்றி அடித்தேன். மாவட்டம் பழகுவதற்குள் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள், திரும்பவும் மாற்றி அடித்தேன். அரசாங்கமே முதலில் சொன்னதை இல்லை என்று மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் நான் சாட்சிகளின் 'இல்லை'களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேலையில்தான் இங்கிலீஷில் இல்லை என்பதை எடுத்துச் சொல்ல எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன என்று பார்த்தேன். லாரி டிரைவர் 'நான் ஹாரன் அடிக்கலீங்க' என்றால், ஹாரன் அடிக்காததை அவர் ஒப்புக்கொண்டார் என்று எழுத வேண்டும். கண்டக்டர் 'நான் பாக்கலீங்க' என்றால் இரண்டு வழி இருந்தது. பார்க்கவில்லை என்று சொன்னார் என்றால் அவர் ஏதோ வெள்ளந்தி மனிதர். பார்த்ததை மறுத்தார் என்றால் பார்த்துவிட்டு மறைக்கிறாரோ என்று படிக்கிறவருக்குச் சந்தேகம் வரும். அந்த ஆள் பேசியது என்னவோ ஒரே வார்த்தைதான். எப்போதோ ஒருநாள் பேசி முடித்துவிட்டுப் போன மனிதரை நல்லவராகவோ கள்ளராகவோ ஆக்குகிற அதிகாரம் ஒரு டைப்பிஸ்டிடம் இருப்பது எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. போகப்போகப் பயமாகிவிட்டது.

எங்கள் ஆபீஸுக்கு வந்த வழக்குகளில் பாதிக்கு மேல் விபத்து வழக்குகள். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகள் எங்கள் ரோடுகளில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். சைக்கிளில் போகிறவர்கள் அவற்றைக் கண்டால் மண்ணில் இறங்கி நின்றுகொள்வார்கள். இறங்க முடியாமல் போனவர்களின் மனைவிமார் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வழக்குகளில் ஒரு நடைமுறை உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் குறுக்கு விசாரணையில் தன் தரப்பு வாதத்தைச் சாட்சியின் முகத்துக்கு நேராக வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் பிறகு அதைப் பேச முடியாது. அதனால் செத்தவர் யாராக இருந்தாலும் குடித்திருந்தார் என்று ஒரு போடு போட்டு வைப்பார்கள். சாட்சி இல்லை என்பார். நீதிபதி அதைச் சாட்சியின் வாயிலேயே வைத்து, 'என் கணவர் மது அருந்தியிருந்தார் என்று சொன்னால் சரியல்ல' என்று டைப்பிஸ்டுக்குச் சொல்வார். வக்கீல்களுக்கு இதில் கோபதாபம் ஒன்றும் கிடையாது. கேட்டு முடித்துவிட்டு இரண்டு தரப்பும் ஒன்றாகப் போய் டீ குடிப்பார்கள். நானே அந்த வாக்கியத்தை எத்தனையோ பேருக்காக அடித்திருக்கிறேன். காக்கா குருவி பற்றி எழுதுவது போல விரல் பாட்டுக்கு அடித்துக்கொண்டு போகும்.

விக்கிரமங்கலத்துப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். கணவர் ரெட்டிபாளையத்துச் சிமெண்ட் ஆலையில் காண்டிராக்ட் கூலி. வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது லாரி பின்னால் வந்து அடித்துவிட்டது. அக்கா அதிகம் பேச மாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார், அவ்வளவுதான். அவருடைய முதல் வாக்குமூலத்தை நான்தான் தயாரித்தேன். எங்களிடம் அதற்கு ஒரு மாதிரி இருந்தது. பெயர், ஊர், வயது, லாரி நம்பர் மாற்றினால் போதும். என் கணவர் சாலையின் இடதுபுறம் ஜாக்கிரதையாகச் சென்றுகொண்டிருந்தார் என்பது வரை எல்லாருக்கும் ஒரே வாக்கியம். குடியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. நாமாக அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பது வக்கீல் சாரின் கொள்கை.

விசாரணை பெரம்பலூர் கோர்ட்டில் நடந்தது. அன்று எங்கள் குமாஸ்தா வராததால் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு நான் போனேன். அக்கா செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டுக் கூண்டில் ஏறி நின்றார். இன்சூரன்ஸ் வக்கீல் வழக்கமான கேள்விகளைக் கேட்டுவிட்டு வழக்கமான இடத்துக்கு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு சைக்கிள் ஓட்டுனதாலதான் விபத்து நடந்துச்சுங்கிறேன்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி "பதில் சொல்லும்மா" என்றபிறகு "இல்லீங்க" என்றார். வாக்கியம் பதிவானது. விசாரணை முடிந்தது. பெஞ்சு கிளார்க் வாக்குமூலத்தை எடுத்து ரயில் வேகத்தில் வாசித்துக் காட்டினார். வாசித்ததும் சாட்சி சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அக்காவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். பேனாவை வாங்கியவர் அதைத் திருப்பிக் கிளார்க்கிடமே நீட்டினார்.

"அந்தக் கடைசி வரிய எடுத்துருங்க. நான் போடுறேன்."

கிளார்க் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. "எந்த வரிம்மா?" என்றார்.

"அவரு குடிச்சிருந்தாருன்னு நான் சொன்னதா எழுதியிருக்குங்களே, ஐயா."

"சொன்னால் சரியல்லன்னு முடியுதேம்மா. நீ இல்லைன்னு சொன்னதாத்தான் அதுக்கு அர்த்தம்."

"முடியுறப்பதானுங்க சரியில்லன்னு வருது. அதுக்குள்ள கேக்குறவன் எந்திரிச்சுப் போயிடுவானே. என் வாயிலேர்ந்துல்ல அந்தப் பேச்சு வருது. அந்த வக்கீலு சொன்னாருன்னா அவரு பேருல எழுதிக்குங்க."

கோர்ட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வக்கீல் சார் எழுந்து, "எல்லாருக்கும் இப்படித்தாம்மா எழுதுவாங்க, கையெழுத்தப் போடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அக்கா பேனாவைத் தொடவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவருக்கு அன்று நிறைய வழக்குகள் இருந்தன. அவர் அதட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"சரி, அப்ப நீ என்னதான் சொல்லணும்?"

"என்னைய யாரும் கேக்கவே இல்லீங்களே, ஐயா."

உண்மைதான். மாதிரி வாக்குமூலத்தில் நான் கேட்கவில்லை. வக்கீல் சார் கேட்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது கேள்வியே இல்லை. ஒரு பழியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுக்கச் சொன்னார்கள்.

நீதிபதி டைப்பிஸ்டைப் பார்த்து, "நீதிமன்ற வினா" என்றார். பிறகு அக்காவிடம், "உன் கணவருக்குக் குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"குடிச்சவருதானுங்க" என்றார் அக்கா. எங்கள் வக்கீல் சார் தலையைக் கட்டுக்குள் புதைத்துக்கொண்டார். "எங்க மாமனாரு செத்த அன்னையிலேர்ந்து தொடல. சாவுற அன்னைக்கும் தொடல."

இன்சூரன்ஸ் வக்கீல் துள்ளி எழுந்து அனுமதி கேட்டார். பழக்கம் இருந்ததை ஒத்துக்கொள்கிறீர்களா என்றார். இருந்தது, விட்டுவிட்டார் என்றார் அக்கா. எல்லாம் பதிவானது. ஆனால் முதலில் பதிவான வரியை எடுக்க முடியாது, எடுத்தால் மேல்கோர்ட்டில் கேட்பார்கள் என்று நீதிபதி பொறுமையாகவே சொன்னார். வரி இருக்கும்வரை தன் கையெழுத்து அதன் கீழே வராது என்று அக்காவும் பொறுமையாகவே சொன்னார். சாட்சி கையொப்பமிட மறுத்தார் என்று எழுதி முடித்தார்கள்.

வெளியே வந்ததும் வக்கீல் சார் அக்காவை மரத்தடியில் நிற்க வைத்துத் திட்டித் தீர்த்தார். "ஒரு 'சரியல்ல'வோட முடிஞ்சிருக்கும். அவங்க கையில நீயே கத்தியக் குடுத்துட்டு வந்துட்டியே!" அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வக்கீல் சார்மேல் கோபம் வந்தது. அக்காமேலும் கொஞ்சம் வந்தது.

பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பெரம்பலூரைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

"எங்க மாமனாரு செத்தப்ப அவருதான் கொள்ளி வைக்கணும் பாப்பா. மூத்தவரு. குடிச்சிட்டு வந்து நின்னாரு. பங்காளிங்க எல்லாம் சேந்து, நிக்க முடியாதவன் கொள்ளிச் சட்டிய எப்புடிடா தூக்குவன்னு தள்ளி வுட்டுட்டு, எளையவரு கையில குடுத்துட்டாங்க. பெத்த அப்பனுக்குக் கொள்ளி போட முடியாம கட்டாந்தரையில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாரு. வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த பேசல. அன்னையோட வுட்டதுதான்."

"அப்புறம் தொடவே இல்லியாக்கா?"

"எத்தன கல்யாணம், எத்தன பொங்கலு. கூட வேல செய்யுறவங்க ஊத்தி வச்சுக்கிட்டுக் கூப்புடுவாங்களாம். நேரா வூட்டுக்கு வந்துடுவாரு. எனக்கு நகை நட்டு ஒண்ணும் போடல பாப்பா அவரு. இத ஒண்ணத்தான் செஞ்சாரு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "செத்துக் கெடக்குறப்ப அதே பங்காளிங்க வாசல்ல நின்னு, குடிச்சிட்டுதான் வுழுந்திருப்பான்னு பேசுனாங்க. கோர்ட்டுல வந்து சொன்னா எல்லாரும் நம்புவாங்கன்னுதான் வந்தேன். அங்கயும் அதையேதான் எழுதுறாங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நஷ்டஈடு கேட்டு வந்தவர் என்றுதான் எங்கள் கேஸ் கட்டில் அவருக்குப் பெயர். அவர் வந்தது வேறொன்றுக்காக. கணவர் கடைசியில் குடிக்காத மனிதராகச் செத்தார் என்று பங்காளிகள் காதில் விழும்படி ஒரு பெரிய இடத்தில் சொல்லியாக வேண்டும். அது மறுப்பாகப் போய்விட்டது. மறுப்பதற்கு முதலில் ஒருவன் குற்றம் சாட்ட வேண்டியிருக்கிறது, அந்தக் குற்றமும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் அழ வெட்கப்பட்டுக்கொண்டு கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

தீர்ப்பு அக்காவுக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனால் குடியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி விடவில்லை, ஹைகோர்ட்டுக்குப் போனது. அவர்களுடைய மேல்முறையீட்டு மனு இங்கிலீஷில் வந்தது. அதில், இறந்தவர் குடிப்பழக்கம் உள்ளவர் என்பதை அவர் மனைவியே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். 'அட்மிட்டட்' என்று போட்டிருந்தார்கள். அக்கா சொன்னதில் பாதியை வெட்டிவிட்டு மீதிக்கு அந்த வினைச்சொல்லை மாட்டிவிட்டிருந்தார்கள். யாரோ என்னைப் போல ஒரு ஆபீஸில் உட்கார்ந்து அடித்ததுதான் அது.

ஹைகோர்ட்டில் எங்களுக்காக வாதாடும் மெட்ராஸ் வக்கீலுக்குச் சாட்சியத்தின் சுருக்கத்தை இங்கிலீஷில் அனுப்ப வேண்டியிருந்தது. அதை நான் எழுதிக்கொண்டிருந்த சமயத்தில் அக்கா ஆபீஸுக்கு வந்தார். கேஸ் மெட்ராஸுக்குப் போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வாங்கக்கா, உக்காருங்க."

"அந்த வரி இங்கிலீசுலயும் போவுதா பாப்பா?"

போகிறது என்றேன். அதை எப்படி எழுதுவாய் என்று கேட்டார். நான் எழுதி வைத்திருந்ததைத் தமிழில் சொன்னேன். தன் கணவர் குடித்திருந்தார் என்பதைச் சாட்சி மறுத்தார்.

அக்கா யோசித்தார். "மறுத்தாருன்னா யாரோடயோ மல்லுக்கு நிக்கிற மாதிரி இருக்கு. நான் யாரோடயும் மல்லுக்கு நிக்கல. அந்த ஜட்ஜு ஐயா கேட்டாரு, நான் சொன்னேன்."

அவர் போனபிறகு அந்தத் தாளை உருவிப் போட்டுவிட்டு வேறு தாள் செருகினேன். கம்பெனி வக்கீலின் கேள்விக்கு மறுத்தார் என்பதை அப்படியே விட்டேன், நடந்தது அதுதான். அதன் கீழே தனியாக ஒரு பத்தி எழுதினேன். நீதிபதி கேட்டபோது, தன் கணவர் முன்பு குடித்தவர் என்றும், தகப்பனார் இறந்த நாளிலிருந்து தொடவில்லை என்றும், விபத்து நடந்த அன்றும் தொடவில்லை என்றும் அவர் சொன்னார். வெறும் 'செட்' கோர்ட்டுக்குப் பொருந்தாது என்பதால் 'ஸ்டேட்டட்' போட்டேன். சொன்னார் என்பதற்குக் கோட்டு மாட்டிவிட்டதுதான் அது.

வக்கீல் சார் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இந்தப் பத்தி எதுக்கும்மா? மறுத்தாங்கன்னு ஒரு வரி போதும். பழக்கம் இருந்துச்சுன்னு நாமளே ஏன் எடுத்துக் குடுக்கணும்?"

"கம்பெனிக்காரங்கதான் ஏற்கெனவே எடுத்துட்டாங்களே சார். இனிமே மறுத்தா நாம மறைக்கிற மாதிரி ஆயிடும். அக்கா சொன்னத முழுசா சொல்லிட்டா, அவரு குடிய வுட்டதும் சேந்து தெரியும்ல."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரியென்று சொல்லவில்லை, கிழிக்கவும் இல்லை. கேஸ் கட்டோடு வைத்துத் தைக்கச் சொன்னார். நாளைக்குத் தோற்றால் என் தலைதான் உருளும் என்று எனக்குத் தெரிந்தது. அந்த அக்காவின் தலையோடு ஒப்பிட்டால் என் தலை ஒன்றும் பெரிதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். அக்கா அரியலூருக்கு வரும்போதெல்லாம் எட்டிப்பார்த்து, "போயி சேந்துச்சா பாப்பா?" என்று கேட்பார். தீர்ப்பு வந்துவிட்டதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பத்தி போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அவர் கேள்வி. சேர்ந்திருக்கும் என்பேன். தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறப் போய்விடுவார்.

ஹைகோர்ட் தீர்ப்பு வந்தது அரியலூர் மறுபடி தனி மாவட்டமான வருஷத்தில். சிறிய தீர்ப்பு. வக்கீல் சாருக்கு முந்தி நான்தான் பிரித்தேன். உட்கார்ந்து படித்தேன். கம்பெனியின் மேல்முறையீடு தள்ளுபடி. அதற்குச் சற்று மேலே அந்த வரிகள் இருந்தன. இறந்தவர் முன்பு குடிப்பழக்கம் உள்ளவராக இருந்தார் என்றும், தந்தையின் மறைவுக்குப் பின் அதை விட்டுவிட்டார் என்றும், விபத்து நடந்த அன்று குடித்திருக்கவில்லை என்றும் மனைவி சொல்லியிருக்கிறார். மறைக்க நினைக்கும் சாட்சி மறுப்போடு நின்றிருப்பார். இவரை நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை.

வக்கீல் சார் வந்து படித்தார். "அந்தம்மாவுக்கு ஆள் அனுப்பு" என்றார். போகிற போக்கில், "அந்தப் பத்தி இருந்தது நல்லதாப் போச்சு" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

அக்கா மறுநாளே வந்தார். தலை நரைத்திருந்தது. நஷ்டஈட்டைப் பற்றி வக்கீல் சார் விளக்கியதையெல்லாம் சரிங்க, சரிங்க என்று கேட்டுவிட்டு என் மேஜைக்கு வந்து நின்றார். அவருக்காக அந்த வரிகளை மட்டும் தமிழில் தனித்தாளில் அடித்து வைத்திருந்தேன். படித்துக் காட்டினேன். கோர்ட்டு கிளார்க் போல ஓடாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"இன்னொரு தடவ படி பாப்பா."

படித்தேன். குடித்திருக்கவில்லை என்ற இடம் வந்தபோது அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். நானும் அழுதேன். இந்தத் தடவை கைப்பையைத் திறந்து எதையும் தேடவில்லை.

"பங்காளி வூட்டுல ஒரு பொண்ணு பன்னெண்டாவது படிக்கிது. எல்லாரும் இருக்குறப்ப அத வச்சுப் படிக்கச் சொல்றேன்" என்றார். தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் பேனாவை எடுத்தார்.

"எங்க போடணும்?"

"இதுக்குக் கையெழுத்து வேணாம்க்கா. இது ஜட்ஜு எழுதுனது. அவரு போட்டுட்டாரு."

"அன்னைக்கு நான் போடாம வந்துட்டேன்ல?" என்றார்.

நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்கார வைத்தேன். அக்கா தாளின் அடியில் குனிந்து, முதலில் கணவர் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, ஒரு புள்ளி வைத்து, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தாளை என் பக்கமாகத் திருப்பினார்.

"சரியா இருக்கா பாப்பா?"

"சரியா இருக்குக்கா" என்றேன்.